புனிதர்களை வீட்டில் அறிமுகப்படுத்த

கேள்வி: என் மகள் புனிதர்கள், துறவற சபைகளின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். மனதில் எதுவும் தங்குவதில்லை. வீட்டில் எப்படிச் சொல்லித்தருவது?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நோட்டை மூடிவிட்டு அவளை ரொமேன் ரோலன் வீதிக்கு அழைத்துப் போங்கள், அம்மா. அங்கே குளூனி சகோதரிகளின் எம்பிராய்டரி கூடத்தில், பெண்கள் மேசைவிரிப்பில் நூலால் பூ வரைவதை ஆற அமரப் பார்க்கட்டும். பிறகு சொல்லுங்கள்: ஆன்-மரி ழவுஹே என்ற பெண் 1807-ல் பிரான்சில் தொடங்கிய சபை இது, 1827-ல் நம்மூருக்கு வந்தது. அவர் இன்னும் புனிதர் அல்ல, அருளாளர். அந்த வேறுபாடும் அங்கேயே புரிந்துவிடும்.

சம்பா கோவிலுக்குப் போனால், அங்கே முதலில் கோவில் எழுப்பிய இயேசு சபையைப் பற்றிப் பேசுங்கள். அச்சபையின் அருளானந்தர் 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்டவர். சின்னக் குழந்தையிடம் கொலையை விவரிக்க வேண்டாம். லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர், மறவர் நாட்டில் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, மக்களோடு வாழ்ந்தார். அதுவே பெரிய கதை.

துறவிகள்தான் புனிதராக முடியுமா என்று கேட்பாள். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் இல்லறத்தார் என்று சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒருவர் போதும். பட்டியலை முடிக்க அவசரப்படாதீர்கள்.