உருளைக் கிழங்கு மின்கலம்

கிராமப் பள்ளிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளில் உருளைக் கிழங்கு மின்கலத்திற்குத் தவறாமல் ஓரிடம் உண்டு. கிழங்கில் ஓர் ஆணியையும் செம்புக் கம்பியையும் செருகி, சிறு விளக்கினை ஒளிரச் செய்து காட்டும் மாணவர்களின் முகமலர்ச்சி கண்டு மகிழத்தக்கதே. ஆயினும், “இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?” என்று நாம் வினவினால், “கிழங்கிலிருந்து” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடை தவறானது. சரியான விடையை மாணவர்கள் தாமே கண்டறிவதற்குரிய வழியையும் சேர்த்து, இம்மின்கலத்தை அமைக்கும் முறையை ஈண்டு விளக்குகின்றோம்.

நடுத்தர அளவுள்ள கிழங்குகள் மூன்று, துத்தநாகம் பூசிய ஆணிகள் மூன்று, விரல் நீளமுள்ள செம்புத் துண்டுகள் மூன்று, இணைப்புக் கம்பிகள் நான்கு, சிவப்பு எல்.இ.டி. ஒன்று ஆகியவை போதும். கூரைத் தகடு பொருத்தும் ஆணிகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசப்பட்டவையே. வெண்சாம்பல் நிறத்தால் அவற்றை அறியலாம். ஆணியைத் தேய்த்தல் கூடாது, பூச்சு போய்விடும். செம்பையோ உப்புத்தாள் கொண்டு பளபளக்கத் தேய்த்தல் வேண்டும். பழைய மின்கம்பியின் மேலுறையை நீக்கினால் வேண்டிய செம்பு கிடைத்துவிடும்.

ஒவ்வொரு கிழங்கிலும் ஓர் ஆணியையும் ஒரு செம்புத் துண்டையும் ஓர் அங்குல இடைவெளியில் ஆழமாகச் செருகுக. அவை உள்ளே ஒன்றையொன்று தொடலாகாது. முதற் கிழங்கின் செம்பை இரண்டாவதன் ஆணியோடும், இரண்டாவதன் செம்பை மூன்றாவதன் ஆணியோடும் இணைத்திடுக. எஞ்சிய செம்புடன் எல்.இ.டி.யின் நீண்ட காலையும், எஞ்சிய ஆணியுடன் குட்டைக் காலையும் சேர்த்தால் மங்கலான ஒளி தோன்றும். கதவைச் சாத்தி இருட்டில் பார்ப்பது நலம். ஒளி தோன்றாவிடில் நான்காவது கிழங்கு ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். ஒரு கிழங்கின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.9 வோல்ட்டு, சிவப்பு எல்.இ.டி.க்கோ 1.8 வோல்ட்டு அளவில் வேண்டும். ஒரே கிழங்கு போதாமைக்கு இதுவே காரணம்.

பெரும்பாலான பள்ளிகளில் பரிசோதனை இவ்வளவில் முடிந்துவிடுகிறது. உண்மையில் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர்கள் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி மாணவர் கையில் கொடுத்துவிட்டு, பின்வரும் இரு மாற்றங்களைச் செய்யச் சொல்ல வேண்டுகின்றோம். முதலாவதாக, ஆணியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொரு செம்புத் துண்டைச் செருகட்டும். கிழங்கு அதே கிழங்குதான். ஆனால் கருவி ஏறத்தாழ பூஜ்யம் காட்டும். இரண்டாவதாக, கிழங்கை நீக்கிவிட்டு, ஒரு தம்ளர் புளிக் கரைசலில் ஆணியையும் செம்பையும் நிறுத்தட்டும். கிழங்கு இல்லை, மின்னழுத்தமோ முன்போலவே இருக்கும். மோரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் இதனைச் செய்து பார்க்கலாம். மின்சாரத்திற்குக் காரணம் இரு வேறு உலோகங்களே என்பதை இதற்குப் பின் எந்த மாணவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நடப்பது யாதெனில், துத்தநாகம் கிழங்கின் சாற்றில் மெல்லக் கரைகிறது. கரையும்போது அது விட்டுச்செல்லும் எலெக்ட்ரான்கள் கம்பி வழியே செம்பை அடைகின்றன. அங்கே அவற்றைச் சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளும் பிராணவாயுவும் ஏற்றுக்கொள்கின்றன. சாற்றிலுள்ள அமிலமும் உப்புக்களும் உட்புறப் பாதையாக அமைகின்றன. செலவாவது துத்தநாகமே. தாதுவிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்தெடுக்க ஆலையில் பெருமளவு ஆற்றல் செலவிடப்படுகிறது. அதில் ஒரு பகுதியே நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஒரு கிராம் துத்தநாகம் முழுதும் பயன்பட்டால், ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 800 மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக அளிக்க இயலும். அதற்கு வெகு முன்னரே கிழங்கு உலர்ந்தோ அழுகியோ போய்விடும் என்பது வேறு விஷயம்.

மாணவர்கள் தவறாக எண்ணுவதில் நாணத்திற்கு இடமில்லை. இத்தாலிய அறிஞர் கால்வானி, இரு உலோகங்கள் தொட்டவுடன் இறந்த தவளையின் கால் துடிக்கக் கண்டு, மின்சாரம் தவளையின் உடலில் இருப்பதாக 1791ஆம் ஆண்டு எழுதினார். அவர் நாட்டவரான வோல்ட்டா, காரணம் உலோகங்களே என வாதிட்டார். துத்தநாக, வெள்ளி வில்லைகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, தவளையின்றியே மின்சாரத்தை 1800ஆம் ஆண்டு உண்டாக்கிக் காட்டினார். உயிருள்ள தசையிலும் மின்னியக்கம் உண்டாதலால், கால்வானியும் முற்றிலும் தவறவில்லை.

எமது ஒன்றியத்துப் பள்ளியொன்றில் கண்காட்சியைப் பார்வையிட்ட முதிய விவசாயி ஒருவர், “ஐயா, இதை வைத்து என் மாட்டுக் கொட்டகைக்கு விளக்குப் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டார். கேட்கத்தக்க கேள்வியே. கணக்கிட்டுக் காட்டினோம். ஒரு பச்சைக் கிழங்கிலிருந்து பெறத்தக்க திறன் அரை மில்லிவாட்டு அளவைத் தாண்டுவது அரிது. அவ்வாறே கொண்டாலும், 9 வாட்டு எல்.இ.டி. பல்பு ஒன்றிற்கு 18,000 கிழங்குகள் வேண்டும். பெரியவர் நகைத்துவிட்டு, அவ்வளவு கிழங்கு இருந்தால் சந்தையில் விற்று விளக்கே வாங்கிவிடலாம் என்றார்.

கிழங்கை வேகவைத்தால் உட்புறத் தடை குறைகிறது. எட்டு நிமிடம் வேகவைத்த கிழங்கு பச்சைக் கிழங்கைப் போலப் பத்து மடங்கு வரை திறன் தருவதாக, ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர். மண்ணெண்ணெய் விளக்கைவிட இது சிக்கனமானது என்பதும் அவர்தம் கணிப்பு. மின்கம்பி எட்டாத இடங்களில் ஒரு சிறு எல்.இ.டி.க்கு அது பொருந்தலாம். ஆனால் உண்ணத்தக்க பொருளை விளக்கெரிக்கப் பயன்படுத்துவதை, சூரிய ஒளி விளக்குகள் கிடைக்கும் இந்நாளில் நாம் பரிந்துரைப்பதற்கில்லை. வெந்த கிழங்கையும் பச்சைக் கிழங்கையும் அருகருகே வைத்து மின்னோட்டத்தை அளப்பது மட்டும் மேல் வகுப்புகளுக்கு மிகச் சிறந்த பயிற்சியாகும்.

இம்மின்கலத்தைத் தொட்டுப் பார்ப்பதில் ஆபத்து ஏதுமில்லை. வீட்டு மின்சாரத்தையும் அவ்வாறே தொடலாம் என்று சிறுவர் எண்ணிவிடாதபடி அன்றே எச்சரித்தல் வேண்டும். பயன்படுத்திய கிழங்கில் துத்தநாகமும் சிறிதளவு செம்பும் கலந்திருக்குமாதலால், அதனைச் சமைக்கவோ, ஆடுமாடுகளுக்குத் தீவனமாக இடவோ கூடாது. புதைத்துவிடுக. ஆணிகளையும் செம்பையும் கழுவித் துடைத்து உலர வைத்தால், அடுத்த வகுப்பினர்க்கும் அவை பயன்படும்.