அடையாத வாயில்

ஒரு காலத்தில் நம் பழந்தமிழ் நூல்கள் பல ஏட்டுச் சுவடிகளாய், மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் முடங்கிக் கிடந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று அவற்றைத் தேடினார். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். சிலர்க்கே எட்டிய நூல் பலர்க்கும் உரியதாயிற்று. பெற்ற அறிவைப் பிறர்க்கு வழங்குதல் கற்றோர் கடன் அன்றோ?

அறிவியல் உலகிலும் இக்கடன் உண்டு. அறிஞர்கள் தாம் கண்ட உண்மைகளை ஆய்வு இதழ்களில் கட்டுரைகளாக வெளியிடுவர். இலண்டன் மாநகரில் 1665-ஆம் ஆண்டிலேயே இத்தகைய இதழ் ஒன்று தோன்றியது. இவ்விதழ்களில் எழுதுவோர் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. கட்டுரைகளை ஆய்ந்து மதிப்பிடும் அறிஞர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றனர். ஆராய்ச்சிக்குச் செலவாகும் பொருளிற் பெரும்பகுதி மக்கள் செலுத்தும் வரிப்பணமாகவே இருப்பதுண்டு. ஆயினும், செல்வம் மிக்க நூல்நிலையங்களும் வாங்கத் தயங்கும் அளவிற்குப் பல இதழ்களின் விலை உயர்ந்தது. மக்கள் பொருளால் விளைந்த அறிவு மக்களுக்கே எட்டாக் கனியாயிற்று.

இந்நிலையை மாற்ற இணையம் வழி வகுத்தது. 1991-ஆம் ஆண்டில் பால் கின்ஸ்பார்க் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர், கட்டுரைகளை எவரும் விலையின்றிப் பெறுதற்குரிய மின் களஞ்சியம் ஒன்றை அமைத்தார். ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்கவும் படியெடுக்கவும் பயன்படுத்தவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் அறிக்கை முழங்கியது. இவ்வுரிமையே ‘திறந்த அணுக்கம்’ எனப்படும்.

நம் நாடும் வாளா இருக்கவில்லை. அறிஞர் சுப்பையா அருணாசலம் இக்கொள்கையை இடைவிடாது பரப்பினார். சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004-ஆம் ஆண்டில் இதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடைபெற்றன.

இதனால் விளையும் பயன் யாது? திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரில் ஓர் உழவர் மகள் கல்வி பயில்கின்றாள் என்று கொள்வோம். அவள் தந்தையின் நிலக்கடலைப் பயிரை இலைப்புள்ளி நோய் தாக்குகின்றது. அந்நோயைப் பற்றி ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட் ஆய்ந்துள்ளது. தன் அறிஞர்களின் கட்டுரைகள் பொதுவில் கிடைத்தல் வேண்டும் என 2009-ஆம் ஆண்டில் அந்நிலையம் விதித்தது. கட்டுரை பூட்டப்பட்டிருப்பின், அதனைப் படிக்க அவள் பொருள் செலுத்த நேரும். திறந்திருப்பின், கைப்பேசி ஒன்றே போதும்.

எனினும் குறைகள் முற்றும் தீர்ந்தபாடில்லை. படிப்போரிடம் பொருள் பெறாத சில இதழ்கள் எழுதுவோரிடம் பெருந்தொகை கேட்கின்றன. வறிய நாட்டு அறிஞர் என் செய்வர்? 2025-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு பல்லாயிரம் இதழ்களுக்குச் சந்தா செலுத்தி, அரசுக் கல்வி நிலையங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் வழங்குகின்றது. இது நற்செயலே. ஆயினும் அந்நிலையங்களுக்கு வெளியே நிற்கும் உழவர்க்கு அக்கதவு இன்னும் திறக்கவில்லை.

பொருளைப் பகிர்ந்தால் பங்கு குறையும். அறிவைப் பகிர்ந்தால் அது பெருகும். மாணவர்களே! நாளை நீங்களும் ஆராய்ச்சியாளர் ஆகலாம். அன்று நீங்கள் காணும் உண்மைகளை அடையாத வாயிலில் வைத்து, யாவர்க்கும் வழங்குவீராக!