கல்லாப்பெட்டியும் தபால் பெட்டியும்

அன்புத் தம்பிக்கு,

பள்ளி ஆண்டு மலருக்கு நீ எழுதிய கட்டுரை கிடைத்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் உன் பாட்டி ஊரில் மளிகைக் கடைக்குள்ளேயே தபால் ஆபீஸ் இருந்த கதை படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டாம் பத்தியில், கட்டடம் கட்ட வழியில்லாமல் தபால் ஆபீஸ் தற்காலிகமாகக் கடையில் ஒண்டிக்கொண்டிருந்தது என்கிறாய். விவரம் தெரிந்த பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நூற்று எழுபது வருடம் நீடிக்கிற தற்காலிகம் எங்கேயாவது உண்டா?

இந்திய அஞ்சல் துறை 1854 அக்டோபர் 1 அன்று தனித் துறையாக உருவானது. கிராமங்களில் கடைக்காரரையும் பள்ளி வாத்தியாரையும் பகுதி நேர போஸ்ட்மாஸ்டராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் அதற்கு ‘துறைசாரா ஊழியர் முறை’ என்று பெயர். 1964இல் தனி விதிகளே வந்தன. இந்த வேலைக்கு வருகிறவருக்கு வேறு வருமானம் இருந்தாக வேண்டும். தபால் ஆபீஸுக்கு இடமும் அவரே கொடுக்க வேண்டும். எந்த அரசு வேலைக்காவது ‘வேறு பிழைப்பு இருக்கிறவர் மட்டும் வரலாம்’ என்று நிபந்தனை வைத்துக் கேள்விப்பட்டிருக்கிறாயா? இங்கே வைத்தார்கள். தினம் மூன்று முதல் ஐந்து மணி நேர வேலைக்கு அரசு கொடுத்த தொகையில் குடும்பம் நடத்த முடியாது. மீதியைக் கடை பார்த்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. ஆகவே கடைதான் தபால் ஆபீஸைத் தாங்கியது. நீ தலைகீழாக எழுதியிருக்கிறாய்.

இப்படிப்பட்டவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்களா, வெறும் ஒப்பந்தக்காரர்களா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், அதற்குரிய அரசியல் சட்டப் பாதுகாப்பும் உண்டு என்று 1977இல் தீர்ப்பு வந்தது. இன்று அவர்களுக்கு ‘கிராமின் டாக் சேவக்’ என்று பெயர். நாட்டின் தபால் ஆபீஸ்களில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இவர்கள் நடத்தும் கிளை அலுவலகங்களே. பெங்களூர் தொம்மலூரில் வளர்ந்த உனக்குத் தபால் ஆபீஸ் என்றால் 560071 என்ற பின்கோடும், கவுன்ட்டரும், டோக்கனும்தான் நினைவுக்கு வரும். நாட்டுக்கு அது மாதிரி அல்ல, விதிவிலக்கு.

         

கடையின் மத்தியானத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். மேல் அலுவலகத்திலிருந்து அரக்கு முத்திரை வைத்த கேன்வாஸ் பை வருகிறது. போஸ்ட்மாஸ்டர் முத்திரையைச் சரிபார்த்துச் சணலை அறுத்து, கடிதங்களை ஒரு பக்கமும் மணியார்டர் படிவங்களை இன்னொரு பக்கமும் வைக்கிறார். கிளை அலுவலகம் கையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பட்டுவாடாவுக்கு அது போதாவிட்டால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், பணம் அடுத்த பையில்தான் வரும். கையெழுத்துத் தெரியாதவர் கட்டைவிரல் மையைப் படிவத்தில் ஒற்ற, ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். படிவத்தின் அடியிலுள்ள துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். ‘நான் சௌக்கியம், தம்பிக்குச் சட்டை எடுக்கவும்’ என்கிற மாதிரி இரண்டு வரிக்குத்தான் அதில் இடம்.

என் கட்சிக்கு ஆதாரமே இந்த மணியார்டர்தான். 1880இல் அஞ்சல் துறை மணியார்டர் வேலையை ஏற்றது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததும் அதே ஆண்டு. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்களின் சம்பளம் ஊருக்கு இந்த வழியாகத்தான் வந்தது. சிலோன், மலாயா போனவர்களின் பணமும் அப்படித்தான். அறுவடைக்கு முன்பு ஊரில் யார் கையிலும் காசு இருக்காது. கடையில் பற்று வைத்துத்தான் அரிசியும் எண்ணெயும். யாருக்கு எந்த மாதம் எவ்வளவு வரும் என்பது வெறும் கடைக்காரருக்குத் தெரியாது. போஸ்ட்மாஸ்டரான கடைக்காரருக்குத் தெரியும், படிவம் அவர் கை வழியாகத்தான் போகிறது. தைரியமாகக் கடன் கொடுப்பார். மணியார்டர் வந்த அன்றே பற்று அடையும், தபால் ஆபீஸ் கொடுத்த நோட்டு சாயங்காலத்துக்குள் கல்லாவுக்குப் போய்விடும். பேங்க் எட்டிப் பார்க்காத ஊருக்கு இந்தக் கல்லாதான் பேங்க் என்பேன். இதில் கொடுமையும் உண்டு. முழுத் தொகைக்கும் ரேகை வாங்கிக்கொண்டு, பாக்கியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தள்ளுகிற ஆளிடம் ஒரு விதவைத் தாய் என்ன வாதாட முடியும்? 1962இல் தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் உதவித்தொகையும் நெடுங்காலம் மணியார்டராகவே வந்ததை மறக்காதே.

அமெரிக்காவிலும் கடைதானே தபால் ஆபீஸ் என்று கேட்பாய். ஆமாம். ஆபிரகாம் லிங்கன் 1833 முதல் 1836 வரை நியூ சேலத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். அங்கே கடிதத்தை ஜனங்களே கடைக்கு வந்து வாங்கிப் போவார்கள், வந்த கையோடு சாமானும் வாங்குவார்கள். 1896இல் பண்ணை வீடுகளுக்கே தபால் போக ஆரம்பித்ததும் அந்தக் கூட்டம் குறைந்தது. ஆயிரக்கணக்கான சிறு தபால் ஆபீஸ்கள் மூடப்பட்டன. இங்கே கிராமத் தபால்காரர் வீட்டுக்கே போனார். அதனால் நம் கடையை நிற்க வைத்தது கடிதம் அல்ல, ரொக்கம்.

பிரிட்டனில் கடைக் கணக்கும் தபால் கணக்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எவ்வளவு ஆபத்தாக முடிந்தது என்பதையும் படி. ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஒப்பந்தப்படி துண்டு விழுந்ததைக் கடைக்காரரே தன் பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் போட்டார்கள், நிரபராதிகள் சிறைக்கும் போனார்கள்.

வி.பி.பி.யையும் நீ விட்டுவிட்டாய். 1877இல் வந்த இந்த முறையில் பார்சலை வாங்கும்போது பணம் கட்டினால் போதும். ஆனந்த விகடனை 1928இல் வாங்குவதற்கு முன் எஸ்.எஸ்.வாசன் தபால் வழி வியாபாரம்தான் செய்தார். பட்டணத்துப் புத்தகம் பட்டிக்காட்டுக்கு வந்த வழி இதுதான். ஆர்.கே.நாராயண் ‘மால்குடி டேஸ்’ தொகுப்பில் தாணப்பா என்ற தபால்காரரை என்றும் மறக்க முடியாதபடி படைத்தார். அந்தப் புகழில் கால் பங்காவது கடை போஸ்ட்மாஸ்டருக்குக் கிடைத்திருக்க வேண்டாமா என்பது என் தீராத குறை.

தந்தி 2013இல் நின்றது. பழைய மணியார்டர் 2015இல் போயிற்று. 2017 முதல் கிளை அலுவலகங்களுக்குக் கைக்கருவி வந்தது, அடுத்த ஆண்டு அஞ்சல் பேங்க் வந்தது. கடைக்காரர் இன்று ரேகையைக் கருவியில் வாங்குகிறார், ரொக்கத்தை எண்ணித்தான் கொடுக்கிறார்.

அச்சுக்குப் போகும் முன் அந்தப் பத்தியைத் திருத்திவிடு. அடுத்த தடவை பாட்டி ஊருக்குப் போனால் கடைக்காரர் வீட்டுப் பரணில் பழைய பற்றுப் பேரேடு இருக்கிறதா என்று கேள். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. பணம் வந்த தேதியும் பற்று வரவு வைத்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பக்கங்களை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஒத்துப்போகாவிட்டாலும் அனுப்பு.

அன்புடன்,
உன் தமிழையா