நாட்பட்ட சுவாசப்பை நோயும் கைச்சிகிச்சையும்

பல ஆண்டுகள் சுருட்டுப் புகைத்தவர்களுக்கும், விறகடுப்பின் புகையிலே காலமெல்லாம் சமைத்த தாய்மாருக்கும் முதுமையில் வரும் தொல்லை இது. படியேறினால் இளைப்பு, காலையில் சளி, பேச்சுக்கிடையில் மூச்சு வாங்கல். இவர்களின் நெஞ்சையும் முதுகையும் பிடித்துவிட்டால் மூச்சு இலகுவாகும் என்பர் சிலர். இதில் உண்மை எவ்வளவு?

முதலில் நோயை விளங்கிக்கொள்வோம். சுவாசக் குழாய்கள் ஒடுங்கி, காற்றறைகளின் மீள்தன்மை குன்றிவிடுவதால், உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. தேங்கும் காற்றினால் நெஞ்சு பீப்பாய்போல் உப்புகின்றது. மூச்சுக்கு முதன்மையான தசையாகிய பிரிமென்றகடு தட்டையாகி வலுவிழக்கின்றது. அதன் சுமையைக் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் ஏற்று, இறுகிக் களைத்துப் போகின்றன.

கைச்சிகிச்சை எட்டுவது இத்தசைகளையும் விலாவென்பு மூட்டுகளையுமே. இறுக்கம் தளரலாம், நோவு குறையலாம். ஆனால் பழுதுற்ற காற்றறைகளைக் கை சீராக்காது. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலுமான நோயாளருக்கு இச்சிகிச்சை அளித்து, அரை மணி நேரத்தின் பின் அளந்து பார்த்தனர். தேங்கிய காற்று குறையவில்லை, கூடியிருந்தது! எனினும் அவர்களுட் பலர் தமக்குச் சுகமென்றே கூறினர். சுகமாய் உணர்வது வேறு. சுவாசப்பை தேறுவது வேறு.

ஆகவே, கைச்சிகிச்சையை நம்பி உள்ளிழுக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீரொயிட் குளிசைகளை நெடுநாள் எடுத்தவர்களின் எலும்புகள் நலிந்திருக்கும். முதுகை அழுத்தி நெட்டி முறிப்பதால் விலாவோ முள்ளந்தண்டோ உடையக்கூடும். வைத்தியரைக் கேளாமல் அதற்கு இடங்கொடாதீர்கள்.

வீட்டார் செய்யக்கூடியவை உண்டு. இளைப்பு எழும்போது நோயாளரை முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்காரச் செய்யுங்கள். மூக்கால் மூச்சை எடுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். தோள்களை மெதுவாகத் தடவிவிடுவதிலும் பிழையில்லை. இயன் மருத்துவரிடம் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் பழகினால் நடக்கும் தூரம் கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலே புகை வேண்டாம். சுருட்டை விடுவதும், அடுப்புப் புகை வெளியேற வழி செய்வதும் எந்தக் கைச்சிகிச்சையிலும் மேலான மருந்து.