இந்தியாவின் கார்பன் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆண்டுதோறும் கரியமில வாயுவை அதிகமாக வெளியிடும் நாடுகளின் வரிசையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான் வருகிறது. உலகச் சராசரியில் பாதிகூட இல்லை, அமெரிக்கர் ஒருவரின் சுமார் 14 டன்னில் ஏழில் ஒரு பங்கு. இரண்டு கணக்கும் சரி. வேகமாக வளரும் பொருளாதாரத்தின் காலநிலைக் கொள்கை பற்றிப் புழங்கும் தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இப்படிச் சரியான எண்களிலிருந்தே பிறக்கின்றன. நிறுவுதிறனின் எண்ணை உற்பத்திக்கும், செறிவின் எண்ணை உமிழ்வுக்கும் மாற்றிப் போட்டுப் படிப்பதில்தான் பிசகு.

"மூன்றாம் இடம் என்றால் மூன்றாவது பெரிய குற்றவாளி"

கரியமில வாயு வெளியான ஆண்டோடு மறைந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்குக் காற்றுமண்டலத்தில் தங்குகிறது. ஆகவே புவி எவ்வளவு சூடாகும் என்பது தொழிற்புரட்சி முதல் சேர்ந்த மொத்த இருப்பைப் பொறுத்தது. இந்த ஆண்டின் வரிசை அதைச் சொல்லாது. படிம எரிபொருள்களால் இதுவரை சேர்ந்ததில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு.

இதையே நீட்டி, 'அப்படியானால் இந்தியா செய்ய வேண்டியது எதுவுமில்லை' என்பாரும் உண்டு. அதுவும் தவறுதான். புதிதாகச் சேரும் அளவில் இந்தியாவின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. 2 டன் என்ற சராசரியும் நிறையவே மறைக்கிறது: அறைக்கு ஓர் ஏசி ஓடும் வீட்டையும் சுள்ளி அடுப்பு எரியும் வீட்டையும் சேர்த்து வகுத்த எண் அது.

"பாதி மின்சாரம் பசுமை மின்சாரமாகிவிட்டது"

நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி படிம எரிபொருள் சாராததாகிவிட்டது என்று 2025 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த ஜூன் இறுதியில் மொத்த நிறுவுதிறன் சுமார் 485 கிகாவாட். அதில் சூரியசக்தி, காற்றாலை, நீர்மின்சாரம், அணுமின்சாரம் எல்லாம் சேர்ந்து சுமார் 243 கிகாவாட். 2030க்கு என்று வைத்த இலக்கை ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே எட்டியது பெரிய சாதனைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே காலத்தில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது.

பாதி எப்படி முக்கால் ஆயிற்று? நிறுவுதிறன் என்பது ஒரு நிலையம் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடியது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு மெகாவாட் இயந்திரம் ஓய்வே இல்லாமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். இந்திய அனல்மின் நிலையங்கள் அண்மை ஆண்டுகளில் சராசரியாக இதில் 70 சதவீதத்தை ஒட்டித் தருகின்றன, அதாவது ஏறத்தாழ 61 லட்சம் யூனிட். இரவில் உறங்கி, மழைக்காலத்தில் மங்கும் சூரியத் தகடு 20 சதவீதம் என்று வைத்தால் பதினேழரை லட்சம். ஒரு மெகாவாட் நிலக்கரி தரும் யூனிட்டுகளைச் சூரிய ஒளியிலிருந்து பெற மூன்றரை மெகாவாட் தகடுகள் வேண்டும்.

யூனிட் கணக்கு சரியானாலும் நேரக் கணக்கு பாக்கி இருக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டும்போது அனல்மின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கின்றன, ஆனால் அணைத்துவிடுவதில்லை. குளிர்ந்துபோன கொதிகலனை மறுபடி சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், திறனில் 55 சதவீதம் வரை இறங்கி அங்கேயே காத்திருப்பதுதான் விதி. பொழுது சாய்ந்ததும் வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கும். தகடுகள் அடங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்தப் பள்ளத்தை நிரப்புவது பெரும்பாலும் நிலக்கரியே. தமிழ்நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் வீசும் காற்று இரவிலும் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் அது ஓய்ந்துவிடும்.

ஆகவே இனி வேண்டியது சேமிப்பு. அதற்குப் பழைய மாதிரி ஒன்று கோவை மாவட்டத்து ஆனைமலையிலேயே இருக்கிறது. 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையத்தில், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றப்படுகிறது. தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணீர் கீழே பாய்ந்து, நிலத்தடியில் உள்ள அதே இயந்திரங்களை எதிர்த்திசையில் சுழற்றுகிறது. இத்தகைய நிலையங்களில் பொதுவாக நான்கு யூனிட் செலவிட்டால் மூன்று யூனிட் போலத் திரும்பி வரும். நஷ்டம் இருந்தாலும், நண்பகல் வெயிலை இரவு எட்டு மணிக்குக் கொண்டு வருவதற்கான கூலி அது.

"உமிழ்வை 36 சதவீதம் குறைத்துவிட்டோம்"

2005க்கும் 2020க்கும் இடையே குறைந்தது உமிழ்வுச் செறிவு. உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது என்பதன் அளவு அது. 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டை ஒட்டிச் சொன்ன 20–25 சதவீதமும், பாரிஸ் உடன்பாட்டுக்காக 2015இல் சொன்ன 33–35 சதவீதமும், 2022இல் உயர்த்திய 45 சதவீதமும் எல்லாமே செறிவைப் பற்றியவை. பொருளாதாரம் இரு மடங்காகி, செறிவு 36 சதவீதம் இறங்கினால் மொத்த உமிழ்வு 28 சதவீதம் ஏறியிருக்கும், பள்ளிக்கூடப் பெருக்கல்தான். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியப் பொருளாதாரம் இரு மடங்குக்கும் மேல் வளர்ந்தது. 2024–25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதல் முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது.

2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வணிகத் திட்டமும் இதே அளவுகோலில்தான் இயங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு உண்டு. ஆண்டுக்காண்டு அது இறங்கும். இந்தியத் திட்டத்தில் ஆலைக்கு விதிப்பது ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற வரையறை. ஒரு சிமென்ட் ஆலை அந்த வரையறைக்குள் நின்றுகொண்டே உற்பத்தியை இரட்டிப்பாக்கலாம். வறுமையைக் குறைக்க வளர்ச்சி தேவைப்படும் நாடு இப்படித் தேர்ந்ததில் நியாயம் உண்டு. அதைக் குறைப்பு என்று அழைப்பதில்தான் இல்லை.

கார்பனுக்கு இந்தியா விலையே வைத்ததில்லை என்பதும் சரியல்ல. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய எரிசக்தி மேல்வரி 2016இல் 400 ரூபாயானது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும், பெயர் மாறி, மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் நிதிக்குத் திரும்பிவிட்டது.

"புகை குறைந்தால் கார்பன் குறையும்"

கரியமில வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பிஎஸ்–6 வாகனப் புகை விதி கட்டுப்படுத்துவது நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும். ஒரு லிட்டர் பெட்ரோல் எந்த வண்டியில் எரிந்தாலும் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அனல்மின் நிலையப் புகைபோக்கியில் கந்தகத்தைப் பிரிக்கும் கருவி சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்துவதால், அந்த வேதிவினையிலேயே கொஞ்சம் கரியமில வாயு கூடுதலாகப் பிறக்கிறது. மக்கள் நுரையீரலுக்கு அந்தக் கருவி அவசியம்; காலநிலைக் கணக்கில் அதற்கு வரவு இல்லை.

புகையே இல்லாத இடத்திலிருந்தும் வெப்ப வாயு வரும். 2020இல் இந்தியா வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களில் சுமார் 14 சதவீதம் வேளாண்மையிலிருந்து வந்தது. முக்கியமாக அசைபோடும் கால்நடைகளும் நெல் வயல்களும். தண்ணீர் தேங்கிய வயலில் ஆக்சிஜன் எட்டாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. தண்ணீரைச் சிக்கனப்படுத்த திருந்திய நெல் சாகுபடியில் சொல்லிக்கொடுக்கப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும், மீத்தேனையும் கணிசமாகக் குறைக்கிறது.

"2070 இலக்கு என்றால் இப்போதே உமிழ்வு இறங்கத் தொடங்க வேண்டும்"

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி அறிவித்த நிகர பூஜ்யம், வெளியாகும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் 2070இல் சமமாவதைக் குறிக்கும். உறிஞ்சும் பக்கத்தில் காடுகளும் மரங்களும் உள்ளன. 2020இல் அவையும் பிற நிலப் பயன்பாடும் சேர்ந்து கரியமில வாயு உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக ஈடுசெய்தன. இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு. தோப்பும் அதில் சேரும். உமிழ்வு எந்த ஆண்டில் உச்சம் தொட்டு இறங்கும் என்பதைப் பொறுத்தவரை, சீனா 2030க்கு முன் என்று சொல்லியிருந்தது. கிளாஸ்கோவில் இந்தியா வைத்த ஐந்து உறுதிமொழிகளில் அப்படி ஓர் ஆண்டு இடம்பெறவில்லை.