மகளிரும் பளுப்பயிற்சியும்

சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் நாட்டு முதுமொழி. உடலுரம் கல்விக்கும் தொழிலுக்கும் சுவர் போன்றது. எனினும், அவ்வுரம் ஆடவர்க்கே உரியதென்றும், மகளிர்க்கு மென்மையே அணியென்றும் கருதுவார் இன்றும் உளர். உரலில் நெல் குற்றியவர் யாவர்? நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏந்திக் காதவழி நடந்தவர் யாவர்? தென்பாண்டிச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிய காளையரைப் புகழ்ந்த நாம், நாடோறும் சுமை சுமந்த மகளிரின் வலிமையை வலிமையென்றே எண்ணினோமில்லை. பெண்ணைச் சுமப்பதற்கு உரியவளாகக் கொண்ட உலகம், பயில்வதற்கு உரியவளாகக் கொள்ளாமை வியப்பேயாம். பளு தூக்குதலைப் புதிதாகத் தொடங்கும் மகளிர்க்கு அதனைக் கற்பிக்கும் முறை யாதென்பதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் களையத்தக்கது ஓர் அச்சம். பளு தூக்கினால் பெண்ணுடல் ஆணுடல்போற் பருத்துவிடும் என்பர். தசையைப் பெருக்குவதிற் பெரும் பங்குடைய டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர், மகளிர் குருதியில் ஆடவர்க்குள்ள அளவிற் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே உள்ளது. அன்றியும், முதற் சில வாரங்களில் வளரும் வலிமை பெரும்பாலும் தசை பருத்தலால் வருவதன்று. உள்ள தசைநார்களை ஒருங்கே ஏவுதற்கு நரம்புகள் கற்றுக்கொள்வதனால் வருவது. பளுவைத் தாங்கிப் பழகப் பழக எலும்பும் உறுதி பெறும். மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேய்தல் மகளிர்க்கு இயல்பாதலின், இளமையிற் சேர்த்த உறுதி முதுமைக்கு வைப்புநிதியாகும்.

போட்டிகளில் மகளிர்க்குரிய தண்டு 15 கிலோ எடையும் 25 மில்லிமீட்டர் பருமனும் உடையது. ஆடவர்க்குரியது 20 கிலோவும் 28 மில்லிமீட்டரும் ஆகும். புதிய மாணவி இரும்புத் தட்டுகள் பூட்டாத வெறுந்தண்டுடன் தொடங்குக. அதுவும் மிகையாயின் மூங்கிற்கழியே சாலும். வாரத்தில் 3 நாள் பயின்று, இடைநாட்களில் ஓய்வு கொள்க. ஒரு பயிற்சியை 5 முறை செய்து இளைப்பாறி, இவ்வாறு 3 சுற்று முடித்தல் தொடக்கத்திற்குப் போதும்.

ஸ்குவாட் எனப்படும் குந்தியெழுதலில், தண்டு கழுத்தெலும்பின்மேல் அன்றி, முதுகின் மேற்புறத் தசைமேற் கிடத்தல் வேண்டும். பாதங்கள் தோளகலம் விலகி நிற்க, விரல்கள் சற்றே வெளிநோக்க, முழங்கால்கள் அவ்விரல்களின் திசையே செல்ல, குதிகால் தரையை விடாமல் இறங்குக. இறங்குமுன் வயிறு நிறைய மூச்சிழுத்து இறுக்கிக்கொள்ளல் முதுகிற்கு அரணாம். டெட்லிப்ட் எனப்படும் தரையினின்று தூக்குதலில், தண்டு பாதத்தின் நடுவிற்கு நேர்மேலாக இருத்தல் வேண்டும். முதுகு வளையாமலும் கை மடங்காமலும் கால்களால் தரையை அழுத்தி எழுக. இவற்றைக் கற்பிக்குங்கால் பத்துப் பிழைகளை ஒருங்கே கூறும் ஆசான் ஒன்றையும் திருத்தமாட்டான். ஒரு முறைக்கு ஒரு குறிப்பே நன்று.

ஆசானிடம் நிகழத்தக்க குற்றம் இரண்டு. அளவின்றிப் பளுவை ஏற்றுதல் ஒன்று. பெண்ணென்று இரங்கி ஏற்றாமலே விடுதல் மற்றொன்று. முன்னது காயம் விளைக்குமாதலின் யாவரும் காண்பர். பின்னதனை ஒருவரும் காணார். அதனால் அது நெடுநாள் நிலைபெறும். ஆறு திங்கள் சென்றும் அதே சிறு பளுவை ஏந்தி நிற்பவள் வியர்வை பெறுவாள், வலிமை பெறாள். ஆதலின் செய்முறை வழுவாதவிடத்துப் பளு ஏறியே ஆதல் வேண்டும். கால் இடுப்புப் பயிற்சிகட்கு 2.5 கிலோ வீதம் ஏற்றலாம். தலைக்குமேல் உயர்த்துதல் முதலிய தோட்பயிற்சிகட்கு 1 கிலோவோ அதனினும் குறைவோ ஏற்றுதல் தகும். ஏனெனில், 60 கிலோ உயர்த்துவானுக்கு 2.5 கிலோ இருபத்துநான்கில் ஒரு பங்கு. 20 கிலோ உயர்த்துவாளுக்கோ எட்டில் ஒரு பங்கு. பளுவின் கணக்கை மாணவியே ஒரு சுவடியில் எழுதிவரின் தன் வளர்ச்சியைத் தானே காண்பாள்.

தொட்டுத் திருத்துமுன் மாணவியின் இசைவு பெறுதல் ஆசானுக்கு இன்றியமையாதது. மாதவிடாய் நாட்களிற் பயில்வதோ ஓய்வதோ அவள் விருப்பிற்கு உரியது. 2019-21 ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள மகளிருள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையர். எனவே, விரைவிற் களைப்பவளைச் சோம்பருடையாள் என்று கடியாது, மருத்துவரிடம் விடுத்தலே முறை. பருப்பு, முட்டை, மீன், பால் முதலிய உணவும் போதிய உறக்கமும் இல்லாவிடிற் பயிற்சி பயன் தராது.

ஒலிம்பிக் பந்தயத்தில் 1896இல் ஆடவர்க்குத் திறந்த பளுதூக்கும் வாயில், மகளிர்க்குத் திறந்தது 2000ஆம் ஆண்டில், சிட்னி நகரத்திலேயாம். அவ்வாண்டே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி ஆயினார். நூற்றுநான்கு ஆண்டுகள் மூடிக்கிடந்தது வாயிலேயன்றி வலிமையன்று என்பது இதனாற் புலனாம். யாவரும் பந்தயத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. தன் மூட்டையைத் தானே தூக்கவும், முதுமையிற் பிறர் கைப்பற்றாது எழவும் வல்லளாதலே பெரும்பேறு. நம் கல்லூரி மாணவியரும் அத்தண்டினைக் கையிலேந்திப் பார்ப்பாராக.