கெஜட்டில் வந்தால் போதுமா?

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள நிவேதாவுக்கு,

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில், மக்கள் தொடர்பு வேலையில் சேரப்போகிறாய் என்று உன் அம்மா ஃபோனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். வாட்ஸ்அப் குழுவா, நோட்டீஸா, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதா, எது பலன் தரும் என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்கிறோமா என்று முதலில் பார்.

2025 ஏப்ரலில் இங்கே நடந்தது நினைவிருக்கும். சொத்து வரி கட்டப் போனவர்கள், குப்பைக்கென்று தனியாக ஒரு பயனர் கட்டணம் சேர்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். வீட்டின் பரப்பைப் பொறுத்து மாதம் 50 முதல் 200 ரூபாய். அதற்கான துணைவிதிகள் 2018-லேயே கெஜட்டில் வந்துவிட்டன. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கெஜட்டை எந்த வீட்டில் படிக்கிறார்கள்? எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியே ஒழுங்காக வருவதில்லை, கட்டணம் எதற்கு என்று குடியிருப்போர் நலச்சங்கங்கள் (ஆர்.டபிள்யூ.ஏ.) கொதித்தன. கடைசியில் மாநகராட்சி பின்வாங்கியது. சொல்வதற்கு ஏழு வருஷம் இருந்தும் பில்லைக் கொண்டுதான் சொன்னார்கள்.

தில்லியில் இன்னொரு தலைவலி, எந்த வேலை யாருடையது என்பது. தெருச் சாக்கடை மாநகராட்சி, பாதாளச் சாக்கடை ஜல் போர்டு, அறுபது அடிக்கு மேல் அகலமான சாலை என்றால் பொதுப்பணித்துறை, நிலம் தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.). புகார் சொல்ல வருபவரிடம் “இது எங்களுடையது இல்லை” என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. யாருடையது, எந்த அலுவலகம், எந்த மேஜை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடு.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது தில்லியின் சுந்தர் நகரி குடியிருப்பைப் பற்றி. 2001-லேயே தில்லிக்கென்று தனித் தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. பரிவர்த்தன் என்ற தன்னார்வ அமைப்பினர் அதைக்கொண்டு அந்தக் குடியிருப்பில் மாநகராட்சி செய்த 68 வேலைகளின் ஒப்பந்த நகல்களை வாங்கினார்கள். தெருத்தெருவாகப் போய் அங்கிருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். இந்தத் தெருவில் கைப்பம்பு போட்டதாக எழுதியிருக்கிறதே, எங்கே? சாக்கடை மேல் இரும்புக் கம்பிச்சட்டம் போட்டதாகக் கணக்கு, எங்கே? பதில் சொல்ல யாரும் படித்திருக்க வேண்டியதில்லை, வாசலை எட்டிப் பார்த்தால் போதும். 2002 டிசம்பரில் பொது விசாரணை வைத்தபோது, சுமார் 1.3 கோடி ரூபாய் வேலையில் 70 லட்சத்துக்கான பொருள்கள் தரையில் இல்லை என்று தெரியவந்தது. அந்தத் தாள்கள் அத்தனையும் மாநகராட்சியின் பீரோவில் இருந்தவை. அவற்றை மாநகராட்சியே வாசித்துக் காட்டியிருந்தால் அதைவிட நல்ல மக்கள் தொடர்பு உண்டா? நம்மைச் சரிபார்க்க உதவும் தகவலை நாமே கொடுத்தால்தான், அடுத்து சொல்வதை ஜனங்கள் நம்புவார்கள்.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். முதல்வராக இருந்த ஷீலா தீட்சித் 2000-ல் கொண்டுவந்த பாகீதாரி திட்டத்தில் அதிகாரிகளும் காலனிவாசிகளும் ஒரே வட்ட மேஜையில் உட்கார்ந்தார்கள். 2005-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாற்காலி கிடைத்தது ஆர்.டபிள்யூ.ஏ. உள்ள காலனிகளுக்கு, ஜுக்கிகளில், அதாவது குடிசைகளில், இருப்பவர்கள் வெளியே நின்றார்கள்.

குடிசைவாசிகளுக்குத் தகவல் எவ்வளவு முக்கியம் என்று இதைப் பார்: நம் தமிழர்கள் வாழ்ந்த ஜங்புரா மதராசி கேம்ப் என்ற குடிசைப்பகுதியை 2025 ஜூன் 1-ல் இடித்தார்கள். ஏறத்தாழ 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீடு யாருக்கு என்பதைத் தேதிகளும் காகிதங்களும்தான் தீர்மானித்தன. பல குடும்பங்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. இப்படி ஒரு வேலை உன்னிடம் வந்தால், எந்தக் காகிதம் வேண்டும், எந்தத் தேதிக்கு முந்தையது, விட்டுப்போனால் எங்கே முறையிடுவது என்பதை அவரவர் மொழியில், கணக்கெடுப்புக்கு முன்பே உட்கார்ந்து சொல். சுவரில் ஒட்டிவிட்டு வந்துவிடாதே.

மேலிடத்தில் யாராவது இதெல்லாம் உன் வேலையா என்று கேட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவைக் காட்டு. உள்ளூர் மொழியையும், அந்த இடத்துக்கு எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியையும் கருத்தில் கொண்டுதான் தகவலைப் பரப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. சேர்ந்த முதல் மாதமே உன் வார்டில் நடக்கும் ஒரு வேலையின் ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டுபோய் அந்தத் தெருவில் வாசித்துக் காட்டு.

அன்புடன்,
மாமா